கடிதம் பழுதில்லை: பழைய மின்னஞ்சல் மென்பொருளின் திரைக் குழப்பங்களைத் திருத்துதல்

சாவகச்சேரியில் பாடசாலை அலுவலகம், கூட்டுறவுச் சங்கம், கோவில் பரிபாலன சபை என்று எங்கே போனாலும் மூலையில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கும். அதில் விண்டோஸ் எக்ஸ்பி அல்லது 7 ஓடும். கடிதப் போக்குவரத்துக்குத் தண்டர்பேர்ட் இருக்கும், இல்லாவிட்டால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற பழைய மாணவர்கள் அனுப்பிய கணக்கு, கட்டட நிதிக் கடிதம், கூட்ட அறிக்கை எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் நகரம் இடிந்தபோது கடதாசிக் கோப்புகளைப் பறிகொடுத்தவர்களுக்கு, 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு சேர்ந்த இந்த மின்னஞ்சல்கள்தான் பழைய பதிவேடு.

ஒரு நாள் அந்தப் பெட்டியைத் திறக்கிறீர்கள். பட்டியலில் வெற்று வரிகள், அல்லது கறுப்புத் திட்டு, அல்லது தமிழுக்குப் பதில் ஏதோ கிறுக்கல். பயப்பட வேண்டாம். இப்படித் தெரிகிற பத்தில் ஒன்பது இடங்களில் கடிதம் அப்படியே இருக்கும், காட்டுகிற வழிதான் குழம்பியிருக்கும். கடிதங்கள் உண்மையாகவே அழிவது பெரும்பாலும் அதற்குப் பிறகு, அவசரத்தில் யாரோ செய்த "திருத்தத்தால்". ஆகவே இந்த அத்தியாயத்தில் ஒழுங்கு முக்கியம். படிகளை மாற்றிச் செய்யாதீர்கள்.

கை வைக்க முன்

1. கடிதங்கள் கிடக்கிற கோப்புறையைக் கண்டுபிடியுங்கள். தண்டர்பேர்டில் 'ஹெல்ப்' → 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போய், 'புரொஃபைல் ஃபோல்டர்' என்ற வரிக்கு நேரே உள்ள பொத்தானை அழுத்துங்கள். மெனுவே தெரியாவிட்டால் 'ஆல்ட்' விசையை ஒருமுறை தட்டுங்கள். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் 'டூல்ஸ்' → 'ஒப்ஷன்ஸ்' → 'மெயின்டனன்ஸ்' → 'ஸ்டோர் ஃபோல்டர்'.
2. இடத்தைக் குறித்துக்கொண்டு மென்பொருளை மூடுங்கள். திறந்திருக்கும்போது பிரதி எடுத்தால் அரைகுறையாக வரும்.
3. அந்தக் கோப்புறை முழுவதையும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுங்கள். பிரதிதான், 'கட்' செய்து நகர்த்துவது அல்ல.
4. இரண்டு இடத்திலும் வலது கிளிக் செய்து அளவை ஒப்பிடுங்கள்.

பென்டிரைவில் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடையில் வாங்கும் பென்டிரைவ் பல 'ஃபேட்32' முறையில் வரும். அதில் தனிக் கோப்பு ஒன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பல வருட இன்பொக்ஸ் தாண்டும். அப்போது பிரதி எடுக்க விண்டோஸ் மறுக்கும், நீங்கள் 32 ஜிபி காலியாகக் கிடக்கிறதே என்று குழம்புவீர்கள். பென்டிரைவை 'எக்ஸ்ஃபேட்' அல்லது 'என்டிஎஃப்எஸ்' ஆக ஃபோர்மட் செய்தால் சரி. அதிலிருந்ததை முதலில் வேறிடத்தில் வையுங்கள்.

இந்தப் படி முடியாமல் செய்யக்கூடாத மூன்று: மென்பொருளை அழித்து மீண்டும் நிறுவுவது, "கணினியைச் சுத்தமாக்கும்" இலவச மென்பொருளை ஓட்டுவது, புதிய பதிப்பை மேலே ஏற்றுவது. கடைசியானது பலருக்குத் தெரியாத பொறி. தண்டர்பேர்டின் புதிய பதிப்பு ஒருமுறை திறந்த கோப்புறையைப் பழைய பதிப்பு பிறகு திறக்க மறுக்கும். விண்டோஸ் 7 கணினிக்கு 115 வரிசைதான் கடைசி, எக்ஸ்பிக்கு 52. அதற்கு மேல் தேடாதீர்கள்.

பழுது எந்த அடுக்கில்?

திரை, மென்பொருளின் சன்னல், கடிதப் பட்டியல், கடிதத்தின் எழுத்து என்று நான்கு அடுக்கு இருக்கிறது. மேலிருந்து கீழே வாருங்கள்.

1. குழப்பம் தெரியும்போது 'பிரிண்ட் ஸ்கிரீன்' விசையை அழுத்தி, 'பெயின்ட்'டில் ஒட்டிச் சேமித்து, அந்தப் படத்தைக் கைபேசியில் பாருங்கள். படத்தில் குழப்பம் இல்லையென்றால் பழுது மொனிட்டரில் அல்லது வயரில். மென்பொருளைத் தொடவே தேவையில்லை.
2. படத்திலும் இருந்தால், வேறு மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கேயும் தெரிந்தால் கிரபிக்ஸ் டிரைவர்.
3. மின்னஞ்சலில் மட்டும் என்றால், தண்டர்பேர்டை மூடி, 'ஷிஃப்ட்' விசையை அழுத்திப் பிடித்தபடி திறவுங்கள். பழைய பதிப்பில் 'சேஃப் மோட்' என்றும் புதியதில் 'ட்ரபிள்ஷூட் மோட்' என்றும் கேட்கும். வேறு எதையும் 'டிக்' செய்யாமல் தொடருங்கள். இதில் சரியாகத் தெரிந்தால் குற்றவாளி ஒரு துணைச்செருகல், தோற்ற அமைப்பு அல்லது கீழே வரும் 'ஹார்ட்வேர் அக்செலரேஷன்'.
4. ஒரு கடிதம் மட்டும் குழம்பித் தெரிந்து மற்றவை சரியென்றால் எழுத்துப் பிரச்சினை. அது கீழே தனியாக வருகிறது.

திரையும் சன்னலும்

திரை முழுக்க இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் பூசியது போலிருந்தால், மொனிட்டரின் நீல முனை வயர் தளர்ந்திருக்கும். கணினியையும் மொனிட்டரையும் நிறுத்தி, செருகியைக் கழற்றி, ஊசிகள் வளைந்திருக்கின்றனவா என்று பார்த்து, மீண்டும் செருகி இரு பக்கத் திருகாணியையும் இறுக்குங்கள். கூடு போன்ற பழைய மொனிட்டர் என்றால் அதைக் கழற்றிப் பார்க்கும் எண்ணமே வேண்டாம். கரண்டிலிருந்து கழற்றிய பிறகும் உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

எழுத்து மங்கலாக இருந்தால், பழைய மொனிட்டர் போய்த் தட்டை மொனிட்டர் வந்தபோது அளவை மாற்றாமல் விட்டிருப்பார்கள். மொனிட்டரின் இயல்பு அளவைத் தேர்ந்தெடுங்கள். சதுர வடிவென்றால் பெரும்பாலும் 1280 × 1024, அகலத்திரை சின்னதென்றால் 1366 × 768.

உருட்டும்போது வரிகள் ஒன்றின்மேல் ஒன்று படிவது, மெனுவின் இடத்தில் கறுப்புக் கட்டம், மவுஸ் போன இடம் மட்டும் துலங்குவது எல்லாம் ஒரே நோய். பழைய கிரபிக்ஸ் சிப்பால் தண்டர்பேர்ட் கேட்கிற விதத்தில் வரைய முடியவில்லை. அமைப்புகளில் 'யூஸ் ஹார்ட்வேர் அக்செலரேஷன் வென் அவெயிலபிள்' என்ற வரியின் 'டிக்'கை எடுத்து, மூடித் திறவுங்கள். பதிப்பு 52 இல் இது 'ஒப்ஷன்ஸ்' → 'அட்வான்ஸ்ட்' → 'ஜெனரல்' இல் இருக்கும், பிந்திய பதிப்புகளில் 'ஜெனரல்' பக்கத்தைக் கீழே உருட்டினால் வரும். கொஞ்சம் மெதுவாகும், ஆனால் கடிதம் வாசிக்க அந்த வேகம் தேவையில்லை. டிரைவரைப் புதுப்பிப்பதை நான் இரண்டாம் வழியாகவே சொல்வேன். பழைய கணினிக்குப் பொருந்தாத டிரைவரை இணையத்திலிருந்து இறக்கி, திரையே வராமல் கடைக்குத் தூக்கிப்போன கதைகள் ஏராளம்.

சன்னலையே காணவில்லை, ஆனால் கீழ்ப்பட்டையில் பெயர் இருக்கிறது என்றால் அது திரைக்கு வெளியே நிற்கிறது. பெயரைக் கிளிக் செய்து, 'ஆல்ட்' விசையுடன் இடைவெளி விசை, பிறகு 'எம்', பிறகு ஏதாவது ஓர் அம்புக்குறி. அதன்பின் மவுஸை அசைத்தால் சன்னல் கூடவே வரும்.

காணாமற்போனது போல் தெரிபவை

பழுதென்று கொண்டுவரப்படுபவற்றில் கால்வாசி, யாரோ தவறுதலாக அழுத்திய ஒரு விசைதான்.

கடிதத்தின் உள்ளடக்கப் பகுதி காணவில்லையா? தண்டர்பேர்டில் 'எஃப்8'. எழுத்து திடீரென்று பெருத்துவிட்டதா? 'கன்ட்ரோல்' விசையுடன் பூச்சியம். பழைய கடிதங்களைக் காணவில்லை, புதியவை மட்டும் நிற்கின்றனவா? பட்டியலுக்கு மேலே உள்ள 'குயிக் ஃபில்டர்' பட்டையில் ஏதாவது அழுந்தியிருக்கும். பக்கத்தில் ஊசி போன்ற குறி அழுந்தியிருந்தால், வேறு கோப்புறைக்குப் போனாலும் அந்த வடிகட்டல் கூடவே வரும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் 'வியூ' → 'கரண்ட் வியூ' இல் 'ஹைட் ரெட் மெசேஜஸ்' தேர்வாகியிருக்கும். 'ஷோ ஓல் மெசேஜஸ்' ஆக்குங்கள்.

நிரல்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, இழுத்தாலும் சரிவராவிட்டால், தண்டர்பேர்டை மூடிவிட்டு, புரொஃபைல் கோப்புறையில் 'எக்ஸ்யூஎல்ஸ்டோர்' என்ற கோப்பின் பெயரை மாற்றுங்கள். திறக்கும்போது அது புதிதாக ஒன்றை உருவாக்கும், தோற்றம் மட்டும் முதல்நாள் நிலைக்குத் திரும்பும். கடிதங்களுக்கு ஒன்றும் ஆகாது.

பட்டியல் பொய் சொல்லும்போது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்ற காலம் நினைவிருக்கும். யூபிஎஸ் இல்லாத கணினிகள் கடிதம் இறங்கிக்கொண்டிருக்கும்போதே அணைந்தன. அதன் பலன் பட்டியலில்தான் முதலில் தெரியும். ஒரு தலைப்பைக் கிளிக் செய்தால் வேறு கடிதம் திறக்கும், அல்லது வெறுமையாக இருக்கும். வாசிக்காத கடிதம் 5 என்று எண் காட்டும், ஒன்றும் இராது. சில வரிகளில் திகதி 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று நிற்கும். கணினி நேரத்தை எண்ணத் தொடங்கும் புள்ளி அது, கிறீனிச்சில் நள்ளிரவு. திகதியே கிடைக்காதபோது அதை நம் நேரத்துக்கு மாற்றிக் காட்டுகிறது.

தண்டர்பேர்ட் ஒவ்வொரு கோப்புறைக்கும் இரண்டு கோப்பு வைத்திருக்கிறது. 'இன்பொக்ஸ்' என்று பின்னொட்டு இல்லாமல் இருப்பது கடிதங்கள். அதே பெயரோடு 'எம்எஸ்எஃப்' என்று முடிவது வெறும் அட்டவணை. கரண்ட் போனதில் குழம்பியது அட்டவணை.

1. குழம்பிய கோப்புறையில் வலது கிளிக் → 'புரொப்பர்ட்டீஸ்' → 'ரிப்பேர் ஃபோல்டர்'.
2. முடியும்வரை வேறு கோப்புறைக்குப் போகாதீர்கள். பெரிய இன்பொக்ஸுக்குப் பத்து நிமிடமும் எடுக்கலாம்.
3. சரிவராவிட்டால், மென்பொருளை மூடி, 'எம்எஸ்எஃப்' கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்தித் திறவுங்கள். அட்டவணை புதிதாக எழுதப்படும்.

இங்கேதான் பெரிய விபத்து நடக்கிறது. "அந்த இன்பொக்ஸ் ஃபைலை டிலீட் பண்ணினால் சரி" என்று தொலைபேசியில் ஒருவர் சொல்ல, பின்னொட்டு இல்லாத கோப்பை மற்றவர் அழித்துவிடுவார். சந்தேகமென்றால் அளவைப் பாருங்கள். நூற்றுக்கணக்கான எம்பியில் இருப்பது கடிதம், அதைத் தொடாதீர்கள். இன்னொன்று: கணக்கு 'ஐமேப்' முறையில் இருந்தால், இந்தத் திருத்தம் கடிதங்களை மீண்டும் இணையத்திலிருந்து இறக்கும். டொங்கிளில் டேட்டா போட்டுப் பாவிப்பவர்கள் பக்கேஜைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.

தமிழ் கிறுக்கலாகத் தெரிந்தால்

"அண்ணை, கனடாவிலயிருந்து வந்த மெயில் முழுக்க அரைப்புள்ளியாக் கிடக்கு. வைரஸோ?"

வைரஸ் இல்லை, பாமினி. யுனிகோட் பரவ முன் இலங்கைத் தமிழர் பெரும்பாலும் தட்டச்சு செய்த எழுத்துரு இது, இன்னும் விடாதவர்கள் கனபேர். பாமினியில் அடித்தது கணினியைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்துதான், அதன்மேல் தமிழ் வடிவம் போர்த்தியிருக்கிறது. போர்வை விலகினால் அடியில் இருப்பது தெரியும். பாமினியில் புள்ளி வைக்கும் விசை அரைப்புள்ளி. தமிழில் மெய்யெழுத்துக்குப் பஞ்சமில்லை, ஆகவே கடிதம் முழுக்க அரைப்புள்ளி.

ஆக, கிறுக்கலின் முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லலாம்:

- ஆங்கில எழுத்துகள், இடையிடையே ஏராளமான அரைப்புள்ளி: பாமினி.
- மேலே சாய்ந்த கீறு போட்ட சின்ன 'ஏ', அதையடுத்து வட்டத்துக்குள் 'ஆர்', இந்தச் சோடி திரும்பத் திரும்ப: நல்ல யுனிகோட் தமிழ்தான், மென்பொருள் அதை ஐரோப்பிய மொழியென்று வாசிக்கிறது.
- கடிதத்தில் உள்ள ஆங்கிலச் சொற்கள் சரியாகத் தெரிந்து, தமிழ் இருந்த இடத்தில் மட்டும் கீறும் தொப்பியும் போட்ட பலவித எழுத்துகள்: திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றம். 2000 ஐ ஒட்டிய ஆண்டுகளின் மின்னஞ்சல் குழுக் கடிதங்களில் வரும்.
- வெற்றுக் கட்டங்கள்: எழுத்துரு இல்லை.
- ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் நிற்பது, புள்ளிகளாலான வட்டம் தெரிவது: எழுத்துரு இருக்கிறது, விண்டோஸுக்குத் தமிழ் கோர்க்கத் தெரியவில்லை.
- வரிசையாகக் கேள்விக்குறி: கடிதம் புறப்படும்போதே எழுத்துகள் போய்விட்டன. இந்தப் பட்டியலில் கடிதமே உண்மையாகப் பழுதான இடம் இது ஒன்றுதான். எதையும் முயலாமல் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள்.

*பாமினிக்கு:*

1. பாமினி எழுத்துரு கணினியில் இருக்கிறதா என்று 'ஃபொன்ட்ஸ்' கோப்புறையில் பாருங்கள். புதுக் கணினிக்கு மாறியபோது அதை நிறுவ மறந்திருப்பார்கள்.
2. தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில், கடிதங்கள் தம் சொந்த எழுத்துருவைப் பாவிக்க அனுமதிக்கும் வரியை 'டிக்' செய்யுங்கள். அனுப்பியவர் எழுத்துருத் தகவலோடு அனுப்பியிருந்தால் கடிதம் இப்போது தமிழாகும்.
3. ஆகாவிட்டால் வெறும் எழுத்தாக வந்திருக்கிறது. பிரதி எடுத்து 'வேர்ட்பேட்'டில் ஒட்டி, முழுவதையும் தேர்ந்து, பாமினி எழுத்துருவைக் கொடுங்கள்.
4. நிரந்தரமாக வைத்திருக்க வேண்டிய கடிதமென்றால் யுனிகோடுக்கு மாற்றிச் சேமியுங்கள். சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி, 'என்எச்எம் கன்வேர்ட்டர்' இரண்டும் பாமினியைத் தெரிந்தவை. மாற்றியபின் தொகைகளையும் பெயர்களையும் ஒருமுறை ஒப்பிடுங்கள். பாமினிக் கடிதத்துக்குள் உண்மையான ஆங்கிலப் பெயரோ வங்கிக் கிளையின் பெயரோ இருந்தால் மாற்றி அதையும் தமிழென்று நினைத்துச் சிதைக்கும்.

தலைப்பு வரி மட்டும் தமிழாகாது. தலைப்பு வரியால் எழுத்துருவைச் சுமக்க முடியாது, விட்டுவிடுங்கள். அதைத் திருத்தப்போய் மென்பொருளின் பொது எழுத்துருவாகவே பாமினியைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. அடுத்த நிமிடம் எல்லா ஆங்கிலக் கடிதமும் அர்த்தமில்லாத தமிழாகும், மெனுவுக்கும் அதைக் கொடுத்திருந்தால் திரும்பிப் போகும் வழியும் வாசிக்க முடியாது.

*தவறாக வாசிக்கப்பட்ட யுனிகோடுக்கு:* கடிதத்தைத் திறந்துவைத்து 'வியூ' → 'டெக்ஸ்ட் என்கோடிங்' → 'யுனிகோட்'. 91 க்குப் பிந்திய பதிப்புகளில் பட்டியல் இல்லை, 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' என்று ஒற்றை வரிதான். கிறுக்கலாகத் தெரியும் நிலையில் அதற்குப் பதில் எழுதவோ மற்றவருக்கு அனுப்பவோ வேண்டாம். அப்படி அனுப்பினால் கிறுக்கலே எழுத்தாக உறைந்துபோகும், பெறுபவர் திருத்த முடியாது.

*திஸ்கிக்கு:* அவுட்லுக் எக்ஸ்பிரஸில் திஸ்கி எழுத்துரு ஒன்றை நிறுவி, 'ஒப்ஷன்ஸ்' → 'ரீட்' → 'ஃபொன்ட்ஸ்' இல் 'யூசர் டிஃபைன்ட்' என்பதற்கு அதைக் கொடுத்து, கடிதத்தில் 'வியூ' → 'என்கோடிங்' → 'யூசர் டிஃபைன்ட்' தெரிவு செய்யுங்கள். தண்டர்பேர்டில் இதைவிட மாற்றியில் போடுவதே சுலபம்.

*கட்டங்களுக்கும் கொம்புக்கும்:* விண்டோஸ் 7 இல் 'லதா' கூடவே வரும். விண்டோஸ் 10 இல் 'நிர்மலா யூஐ' இருக்கும், லதாவும் விஜயாவும் வேண்டுமென்றால் 'ஒப்ஷனல் ஃபீச்சர்ஸ்' இல் தமிழ் எழுத்துருத் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். எக்ஸ்பியில் 'கன்ட்ரோல் பனல்' → 'ரீஜனல் அன்ட் லாங்குவேஜ் ஒப்ஷன்ஸ்' → 'லாங்குவேஜஸ்' போய், 'கொம்பிளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற சொற்கள் உள்ள வரியை 'டிக்' செய்யுங்கள். எக்ஸ்பி சீடியைக் கேட்கலாம், கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முடிந்ததும் கணினியை மீள இயக்குங்கள்.

திகதியும் நேரமும்

எல்லாக் கடிதமும் அரை மணித்தியாலம் தள்ளிக் காட்டுகிறதா? 2006 ஏப்ரலில் இலங்கை நேரம் அரை மணித்தியாலம் பின்னே வந்து, பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அதற்கு முன் நிறுவிப் புதுப்பிக்காத எக்ஸ்பி, இலங்கை என்றால் இன்னும் ஆறு என்றே கணக்குப் பார்க்கும். கடிகாரத்தைக் கையால் திருத்தாதீர்கள், அனுப்பும் கடிதங்களில் பிழை ஏறும். நேர வலயத்தைச் சென்னை, கொல்கத்தா என்று போட்டிருக்கும் வரிக்கு மாற்றி, அதன்பின் கடிகாரத்தைச் சரிபாருங்கள்.

கரண்ட் போய் வரும் ஒவ்வொரு முறையும் திகதி பல வருடம் பின்னோக்கிப் போனால், மதர்போர்டில் உள்ள காசு வடிவ பற்றரி முடிந்துவிட்டது. அன்று அனுப்பிய கடிதங்கள் பட்டியலின் அடியில் போய்ப் பதுங்கும், "அனுப்பியதைக் காணவில்லை" என்பார்கள். சிஆர்2032, 3 வோல்ட். மின்செருகியைக் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, பற்றரியின் எழுத்துள்ள பக்கம் மேலே இருக்க மாற்றுங்கள்.

அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாவிப்பவர்களுக்கு

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. புதிய கடிதம் வரவில்லை என்றால் அது திரைக் குழப்பம் அல்ல. இன்றைய அஞ்சல் சேவைகள் கேட்கும் பாதுகாப்பு இணைப்பு அவுட்லுக் எக்ஸ்பிரஸுக்குத் தெரியாது. பழைய கடிதங்களை வாசிக்க மட்டும் வைத்துக்கொண்டு, வலையமைப்பு வயரைக் கழற்றிவிடுங்கள்.

நூறு முறை மூடியபின், இடத்தைச் சுருக்கட்டுமா என்று அது கேட்கும். யூபிஎஸ் இல்லாமல் 'ஓகே' கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் முடியும்வரை எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே சுருக்குவது இடையில் நின்று ஒரு கோப்புறை வெறுமையாகிவிட்டதென்றால்:

1. 'ரீசைக்கிள் பின்'னைக் காலி செய்யாதீர்கள். சுருக்குவதற்கு முந்திய பிரதி 'பாக்' என்ற பின்னொட்டுடன் அங்கே கிடக்கலாம்.
2. இருந்தால் அதை டெஸ்க்டொப்புக்கு நகர்த்தி, பின்னொட்டை 'டிபிஎக்ஸ்' ஆக்குங்கள்.
3. மென்பொருளை மூடி, வெறுமையான அதே பெயர்க் கோப்பை 'ஸ்டோர் ஃபோல்டர்' இலிருந்து வேறிடத்துக்கு எடுத்து, இதை அங்கே வையுங்கள்.
4. திறந்து பார்த்துக் கடிதங்கள் வந்திருந்தால், அன்றைக்கே இன்னொரு பிரதி எடுங்கள்.